பதினேழாவது கட்டம்

அந்த மனநல மருத்துவமனையில் அவர் இருபத்தெட்டு வருஷமும் நாலு மாதமும் நர்ஸாக வேலை பார்த்தார். கடைசிப் பதினாறு வருஷமும் ஆண்கள் மூன்றாம் வார்டில்தான். அங்கே அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மார்க் வாத்தியார்.

மார்க் என்றால் படிப்புக்கான மார்க் அல்ல. ஒரு நோயாளி அடுத்த எட்டு மணி நேரத்துக்குள் யார் மீதாவது கை வைத்துவிடுவாரா என்று முன்கூட்டியே கணிக்க வார்டில் ஒரு தாள் உண்டு. அதில் ஆறு கேள்விகள்: குழப்பம், எரிச்சல், கூச்சல், வாயால் மிரட்டல், கை ஓங்கல், பொருள்களை அடித்தல். இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சைபர். கூட்டிக் கடைசிக் கட்டத்தில் போட வேண்டும். மூன்றைத் தொட்டால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். காலை, மதியம், இரவு என்று ஷிப்டுக்கு ஒன்றாக நாளுக்கு மூன்று கட்டம். ஏழு நாள், இருபத்தொரு கட்டமும் வரிசையாகச் சைபர் வாங்கியவரைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"வாத்தியாரே, இன்னிக்கு எனக்கு எவ்வளவு?" என்று தினமும் கேட்பார் தச்சர்.

"சைபர்."

"முட்டை வாங்கினாத்தான் பாஸுங்கிற பள்ளிக்கூடத்தை இங்கதான்யா பாக்குறேன். எங்க அப்பாரு இதைப் பாக்காம போய்ட்டாரே!"

தச்சருக்கு அறுபத்து மூன்று வயது. மனைவி இறந்த பிறகு மனசு கலைந்து, ராத்திரி பகல் தெரியாமல் தெருவில் நடந்துகொண்டிருந்தவரை மகள்தான் கொண்டுவந்து சேர்த்தாள். பதினான்கு மாதத்தில் தேறிவிட்டார். மகள் கூட்டிப்போகத் தயார். மருமகன்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். வீட்டில் ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் குழந்தைகள். "ஆஸ்பத்திரியில எழுத்துல கொடுக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று கடைசியாக ஒருவழியாக இறங்கிவந்திருந்தார். அந்த எழுத்துதான் இருபத்தொரு சைபர்.

வியாழக்கிழமை காலை எண்ணிக்கை தொடங்கியது. அடுத்த வியாழக்கிழமை பத்தரை மணிக்குக் கூட்டம். மகளும் மருமகனும் வந்து கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஞாயிற்றுக்கிழமையே தச்சர் இரண்டு சட்டையையும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். திங்கட்கிழமை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அதைத் துவைத்துக் காயவைத்து மறுபடி மடித்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மதிய ஷிப்ட். பதினேழாவது கட்டம்.

மாலை நாலு இருபதுக்குச் சாப்பாட்டு அறையில் புழுக்கம் தாங்கவில்லை. தெற்குப் பக்க ஜன்னல் மழையில் ஊறி உப்பி, திறக்க மறுத்தது. தச்சர் சட்டத்தைத் தடவிப் பார்த்தார். எங்கே பிடிக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கி ஒரு தட்டு. அசையவில்லை. "திறந்து தொலையேன் சனியனே" என்று இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் ஜன்னல் திறந்துகொண்டது. கீழ் மூலையில் கண்ணாடியும் மூன்று அங்குலத்துக்கு விரிசல் விட்டது.

"ஐயையோ, கண்ணாடி போச்சே! வாத்தியாரே, இதுக்கு மார்க் போட்ருவீங்களா?" என்று தச்சர் சிரித்தார். அறையில் இருந்த மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். காற்று வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

வாத்தியார் சிரிக்கவில்லை. ஆறு மணிக்கு மேஜையில் உட்கார்ந்து தாளை எடுத்தார். குழப்பம் இல்லை. எரிச்சல் இல்லை. ஜன்னலைத் திட்டியது மிரட்டலில் சேருமா என்று யோசித்து, சேராது என்று முடிவு செய்தார். ஆறாவது கேள்வியில் பேனா நின்றது. பொருள்களை அடித்தல். அடித்தார். கண்ணாடி விரிசல் விட்டது. அவரையும் சேர்த்து எட்டுப் பேர் பார்த்தார்கள்.

இவரை அறியாதவர்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது, சைபர் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்பார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவரும் அப்படித்தான் போட்டார். அப்போது வார்டில் ஒரு பாட்டுக்காரர் இருந்தார். எந்நேரமும் தொண்டை கிழியப் பாடுவார். ஒருநாள் காலையில் வழக்கத்தைவிட அதிகமாகக் கத்தினார். "அவர் எப்பவும் அப்படித்தானே" என்று வாத்தியார் கூச்சலுக்குச் சைபர் போட்டார். பதினொன்று நாற்பதுக்குப் பாட்டுக்காரர் வீசிய சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு ஒரு வார்டு உதவியாளரின் இடது கண்ணைக் கிழித்தது. அந்த உதவியாளர் வாத்தியாரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததே வாத்தியார்தான். பார்வை திரும்ப வரவில்லை. மச்சானை அதே மருத்துவமனையின் துணி வெளுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அன்றிலிருந்து வாத்தியார் கட்டங்களில் தனக்குத் தெரிந்ததை எழுதியதில்லை, கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்த்ததில்லை.

ஒன்று என்று போட்டார். குறிப்புப் பகுதியில் தெளிவாக எழுதினார்: "ஜன்னல் இறுகியிருந்தது. திறப்பதற்காகத் தட்டினார். கோபம் இல்லை. தொழில் பழக்கம்." கீழே கையெழுத்தும் நேரமும்.

புதனும் வியாழனும் அவருக்கு ஓய்வு நாள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் தச்சருக்கு ஒன்று போட்டதைப் பேச்சுவாக்கில் சொன்னார். அவள் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"பத்தரைக்குத்தானே கூட்டம்? ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வந்துடுங்களேன்."

"எதுக்கு? எல்லாம் எழுதியிருக்கேன்."

"எழுதினதை எடுத்துப் படிக்கணுமே."

"படிக்காம முடிவு பண்ணுவாங்களா? கூட்டம்னா என்னன்னு நினைச்சே?"

"நீங்களும் உங்க எழுத்தும்" என்று அவள் மறுபடி மிதிக்க ஆரம்பித்தாள். வாத்தியார் பேப்பர் படித்தார். பத்தரை ஆனது. பதினொன்றும் ஆனது.

அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது. கூட்டத்துக்கு வார்டுத் தாள் போகாது. அலுவலகத்தில் ஒரு எழுத்தர் ஏழு நாள் எண்களையும் ஒரே பக்கத்தில் பெயர்த்து எழுதுவார். அந்தப் பக்கத்தில் எந்தக் கேள்விக்கு எவ்வளவு என்று இருக்கும். குறிப்பு இருக்காது. அத்தனை வருஷம் கட்டங்களை நிரப்பிய மனிதர், நிரப்பிய தாள் எங்கே போகிறது என்று ஒருநாளும் பின்னாலேயே போய்ப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் அவரைக் கூப்பிட்டார். வயதில் இளைய பெண் டாக்டர், பொறுமைசாலி. ஒற்றைப் பக்கத்தை நீட்டினார். இருபது சைபர். நடுவில் ஒரு ஒன்று. "பொருள்களை அடித்தல்."

"என்ன நடந்துச்சு சார்?"

வாத்தியார் சொன்னார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாமே சார்."

"எழுதியிருந்தேன் டாக்டர்."

"மருமகன் இந்தப் பேப்பரைக் கையில வாங்கிப் பாத்தார். இன்னிக்கு ஜன்னல், நாளைக்கு என் குழந்தையானு கேட்டார். காரணம் அதுல எழுதியிருக்கல, நீங்களும் லீவு."

வாத்தியார் அங்கிருந்தே தச்சரின் மகளுக்குப் போன் செய்தார். ஜன்னல் உப்பியதிலிருந்து ஒன்று விடாமல் விளக்கினார். முடிந்ததும் சொன்னாள்: "சார், எங்கப்பாவைப் பத்தி எனக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரை நான் எப்படி நம்ப வைக்கிறது? சம்மதிக்க வைக்க ஒரு வருஷம் கெஞ்சினேன். இனிமே அந்தப் பேச்சையே எடுக்காதேன்னுட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க நல்லவர்னு அப்பா சொல்லுவார்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

மத்தியானம் துணி வெளுக்கும் பிரிவுக்குப் போனார். மச்சான் ஈரப் போர்வைகளை உதறிக்கொண்டிருந்தார். விஷயம் அங்கேயும் எட்டியிருந்தது.

"ஏன் அத்தான், என் கண்ணை அந்த மனுசன்கிட்டயா வசூல் பண்றீங்க?"

"அப்படி இல்லடா."

"வேற எப்படி? ஒம்பது வருசமா பாக்குறேன். ஒருத்தன் தும்மினாக்கூட எழுதறீங்க. நான் கேட்டேனா? ஒரு நாளாவது உங்களைக் குத்தம் சொன்னேனா?"

"சொன்னதில்ல."

"சொல்லியிருக்கணும். நாலு வார்த்தை நல்லா ஏசியிருந்தா அப்பவே தீந்திருக்கும்." மச்சான் போர்வையின் ஒரு முனையை நீட்டினார். "பிடிங்க. சும்மா நிக்காதீங்க." இருவரும் பதினோரு போர்வைகளைப் பிழிந்து கொடியில் போட்டார்கள்.

நாலு மணிக்குத் தச்சரின் கட்டிலுக்குப் போனார். பை கட்டிலின் மேலேயே இருந்தது. மகள் வந்து பார்க்காமலே போனது மட்டும்தான் தச்சருக்குத் தெரியும். காரணத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மார்க் போட்டது நான்தான்" என்றார் வாத்தியார். எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்தார்.

தச்சர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமில்ல, நான் எதுக்குத் தட்டினேன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"ஆமா."

தச்சர் தலையாட்டினார். பையிலிருந்து சட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். கட்டிலில் ஏறிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருப்பதற்கு அந்தத் தாளில் கேள்வி இல்லை. அடுத்த ஏழு நாளும் இருபத்தொரு கட்டமும் அவர் சைபர்தான் வாங்கினார். விதிப்படி வீட்டுக்குப் போகத் தகுதி வந்துவிட்டது. கூட்டிப்போகத்தான் ஆள் இல்லை. மூன்றாவது மாதம் நெடுநாள் தங்குவோர் விடுதிக்கு மாற்றினார்கள்.

வாத்தியார் நிர்வாகத்துக்கு நாலு கடிதம் எழுதினார். நாலாவதற்குப் பிறகு ஒற்றைப் பக்கத்தில் குறிப்புக்கும் இடம் விட்டார்கள். அடுத்த வருஷம் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரத்தில் மாலை போட வந்தவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போகிறார். பார்வையாளர் அறையில் இரண்டு நாற்காலி போட்டிருப்பார்கள். இதுவரை நாற்பத்திரண்டு முறை போயிருக்கிறார். முப்பத்தொன்பது முறை தச்சர் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். மழை, முட்டிவலி, கதவுக்கு எந்த மரம் நல்லது என்று ஏதாவது பேசுவார்கள். மூன்று முறை தச்சர் தன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. விடுதிக்காரரிடம் விசாரித்ததில், அந்த மூன்றுமே மகள் போன் செய்த வாரங்கள் என்று தெரிந்தது.