பல்செட்டுக்கு அடியில் வளர்ந்த சதை

வெற்றிலை புகையிலைக்கு நான் காட்டிய விசுவாசத்தில், ஐம்பது வயதுக்குள் பற்கள் மொத்தமும் என்னைக் கைவிட்டுவிட்டன. எனக்கோ கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை. காலையில் ஏலம் கூவியாக வேண்டும். பல்செட்டு கட்டிக்கொண்டேன். சில வருஷத்தில் கீழ்செட்டு தளர்ந்து, ஒருநாள் ஏலத்தின் நடுவே திராட்சைப் பெட்டிக்குள் போய் விழுந்தது.

"மொதலாளி, பல்லும் சேத்துத்தான் இந்த வெலையா?" என்றான் ஒரு வியாபாரி.

பெட்டியில் பழம் ஆடினால் பேப்பரை மடித்துத் திணிப்போம். செட்டுக்கும் அதே வைத்தியம் பார்த்தேன். உதட்டுப் பக்கம் ஒரு மடிப்பு. அசையவில்லை. என் மூளையை நானே மெச்சி, தூங்கும்போதும் கழற்றாமல் கிடந்தேன்.

ஒருநாள் வாய் கொப்பளிக்கையில் நாக்கில் தட்டியது. செட்டின் விளிம்பையொட்டி, மடிப்பு மடிப்பாகச் சதை. வலியே இல்லை. அதுதான் பயமுறுத்தியது. பஜாரில் என்னோடு புகையிலை போட்ட ஒருவருக்கும் வலியில்லாமல்தான் ஆரம்பித்தது. அவர் கடையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, வாய்க்குள்ள நாளெல்லாம் என்னத்தத் தேடுறீக?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இந்த மூஞ்சி? காட்டுங்க."

டார்ச் அடித்துப் பார்த்தாள். டார்ச்சை அணைத்ததுமே, "நாளைக்கே தேனி பல் டாக்டர்ட்டப் போறோம்" என்றாள். செலவைக் கேட்காமல் அவள் கிளம்பி நான் பார்த்ததே இல்லை. பயம் இரட்டிப்பானது.

தேனிக்கு பஸ்ஸில் போகும்போதே மனசுக்குள் பாகம் பிரித்துவிட்டேன். கடை தம்பிக்கு, தோட்டம் மகளுக்கு. யாரையும் அண்டவிடாத எங்கள் கோம்பை நாயை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

பல் டாக்டர் செட்டைக் கழற்றினார். கூடவே பேப்பரும் வந்தது.

"இது எதுக்கு உள்ள?"

"ஆடாம இருக்கத்தான் சார். திராட்சைக்கும் அப்படித்தான் வைப்போம்."

சிரிப்பை அடக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "செட்டு அழுத்தி அழுத்தி வளந்த சதை இது. புத்துநோய் மாதிரி தெரியல. இருந்தாலும் வெட்டி மதுரைக்கு டெஸ்டுக்கு அனுப்பிப் பாத்துருவோம்."

அந்த 'இருந்தாலும்' என்னைப் படுத்திய பாடு! சதையை வெட்டியபிறகு கஞ்சிகூட இறங்கவில்லை. ஏலத்துக்குத் தம்பியை அனுப்பிவிட்டுக் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

மறுபடி போனபோது டாக்டர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். "கெடுதல் ஒண்ணுமில்ல. புண் ஆறுற வரைக்கும் செட்டே போடக் கூடாது. அப்புறம் புதுசு கட்டுவோம். புகையிலைய இன்னையோட விட்ருங்க."

வெளியே வந்ததும் தேனி பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரியும்படி, பொக்கை வாயைத் திறந்து சிரித்தேன்.

"வாய மூடுங்க. சின்னப் பிள்ளைக பயந்துரும்" என்றாள் மனைவி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.