கிணற்றடிக்கு ஒரு கேபிள்

உடையார்கட்டில் அக்காவின் காணியில் வீடு ஒரு மூலையில், கிணறு மறு மூலையில். அக்காவுக்கு ஒரு கால் செயற்கைக்கால். மோட்டரைப் போடவும் நிப்பாட்டவும் அந்தத் தூரம் நடந்தால் கால் புண்ணாகிவிடும். வீட்டுக்குள் இருந்தபடியே எல்லாம் நடக்க வேண்டும் என்று கேட்டார். நான் வயரிங் வேலை செய்பவன், தம்பியும்கூட. மாட்டேன் என்று சொல்ல ஏலுமா?

மின்சாரம் கொண்டுபோவது பெரிய வேலையில்லை. தூரம் கூட என்றால் கம்பி மொத்தமாக இருக்க வேண்டும். மெல்லிசாகப் போட்டால் மோட்டர் முக்கி முனகி எரிந்துபோகும். வில்லங்கம் மற்ற வயரில்தான். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று, மோட்டரைப் போட்டு நிப்பாட்டும் வீட்டுப் பெட்டிக்குச் சொல்வது அது. கரண்ட் வயரோடு ஒட்டிப் போட்டால் கண்டபடி பொய் சொல்லும். ஆகவே கம்பி வலை சுற்றிய தனிக் கேபிள் வாங்கினேன்.

இரண்டையும் மண்ணுக்குள் தாழ்ப்பதுதான் முறை. நான் தூண் நட்டு மேலால் இழுப்போம் என்றேன். காரணத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

காரணம் அத்தான், அக்காவின் மனிசன். போரின் கடைசி இடப்பெயர்வில் செல் குண்டு விழுந்து அவர் செத்த அன்று சுடலைக்குக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. இதே காணியில் நாங்கள் ஒளிந்திருந்த பங்கர் குழிக்குள்ளேயே கிடத்தி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது அடையாளத்துக்கு நின்ற பனையும் இல்லை, வேலியும் இல்லை. புல்டோசர் காணியை மட்டமாக்கிவிட்டிருந்தது. எந்த இடம் என்று இருவருக்கும் தெரியாது. கச்சான் கடலை போட்டாலும் அக்கா மண்வெட்டியை ஆழமாக இறக்க விடுவதில்லை. அந்த வளவில் நடக்கும்போது எனக்கு இன்றைக்கும் உள்ளங்கால் கூசும்.

மேலால் போட்டால் யானை இழுத்து அறுக்கும், மின்னல் அடிக்கும் என்று அக்கா நியாயம் கதைத்தார். எனக்கே வயரிங் படிப்பிக்கிறா என்று பத்திக்கொண்டு வந்தது.

“அக்கா, கீழால எண்டால் வெட்ட வேணும்.”

“ஓம். தெரியும்.”

அடுத்த நாள் காலையில் இறங்கினேன். கண்ணிவெடி பார்த்து முடித்த காணிதான். என் பயம் அதற்கில்லை. ஒவ்வொரு கொத்துக்கும் எலும்பு தட்டுப்படுகிறதா என்று குனிந்து பார்த்தேன். நான் நகர நகர அக்காவும் கதிரையை இழுத்துக்கொண்டு பின்னால் வந்தார். புரட்டிப்போட்ட மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய முன்னம் கிணற்றடிக்கு வந்துவிட்டேன். கல், வேர், துருப்பிடித்த தகரம். வேறு எதுவுமில்லை. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

“ஒண்டும் இல்லை அக்கா. இனிக் கேபிளை இறக்குவம்.”

அக்கா கதிரையை விட்டு எழும்பி, வெட்டிய கானை வீடு வரைக்கும் ஒருதரம் பார்த்தார். முகம் இருண்டுபோயிருந்தது.

“கேபிள் கிடக்கட்டும். அங்கால வெட்டு தம்பி. அந்த மனிசனுக்கு இன்னும் கொள்ளி வைக்கேல்லை.”

கேபிள் சுருள் அவிழ்க்காமல் அக்கா வீட்டு விறாந்தையில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.