மெழுகுக்குள் இருந்த மாணிக்கம்

0.31 காரட். மில்லிகிராமில் சொன்னால் அறுபத்திரண்டு. மிளகைவிடக் கொஞ்சம் சிறிய அந்த மாணிக்கக் கல், 2025 மார்ச் 20, வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்குக் காணாமல் போனது. அந்த நேரத்திலிருந்து ஜெனிட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை.

இருபத்திரண்டு வயது. வீடு கே.ஜி.எஃப் என்கிற கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் என்ற பகுதியில். ஊர்ப் பெண்கள் பெங்களூரில் கார்மென்ட்ஸுக்கும் கால் சென்டருக்கும் போகிற அதே விடியற்காலை ரயிலில் ஏறி, இவள் மட்டும் கல் படிக்கப் போகிறாள். ரத்தினக் கற்களைச் சோதிப்பது, நகையில் பதிப்பது என்று இரண்டு வருடப் படிப்பு. இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. வகுப்பில் பன்னிரண்டு பேர். அதில் பிரதாப் என்பவன் அடிக்கடி ஒரே ஜோக்கைச் சொல்வான்: "உங்க ஊர்ல தங்கமெல்லாம் காலியாயிடுச்சு, இப்ப கல்லுக்கு வந்துட்டியா?" அவளும் விடமாட்டாள். "உன் பெட்டியைத்தாண்டா முதல்ல தொறக்கப் போறேன்" என்பாள்.

வழக்கமாகப் பயிற்சிக்குக் கண்ணாடிக் கற்களைத்தான் கொடுப்பார்கள். அன்றைக்கு ஒரு நகைக்கடைக்காரர் பன்னிரண்டு நிஜ மாணிக்கங்களைக் கடனாகக் கொடுத்திருந்தார். மாலையில் எண்ணியபோது பதினொன்று.

கல் குறைந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழக் கூடாது, காலைத் தரையில் தேய்க்கக் கூடாது, தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியை குணசுந்தரி கதவைச் சாத்தினார். மென்மையான பிரஷ்ஷால் தரை முழுவதும் பெருக்கப்பட்டது. பைகளைக் கொட்டினார்கள், கூந்தலை அவிழ்த்துப் பார்த்தார்கள், நக இடுக்குகளையும் விடவில்லை. கல் இல்லை.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள கல் என் டேபிளுக்கு வரணும். இல்லேன்னா கல்லோட ஓனர் போலீசுக்குப் போவார். என்னால தடுக்க முடியாது" என்றார் குணசுந்தரி.

வீடு திரும்பும் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பதற்றத்தில் கை சும்மா இருக்கவில்லை. பென்சில் பெட்டியிலிருந்து மெழுகுக் குச்சியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். கல் பதிப்பவர்கள் விரலால் கல்லைத் தூக்குவதில்லை. குச்சி முனையில் தேன்மெழுகும் கரித்தூளும் பிசைந்து வைத்து, அதில் ஒட்டி எடுப்பார்கள். முனை மழுங்கினால் பிசைந்து மறுபடி கூராக்குவார்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது செய்கிற வேலை. கை தானாகச் செய்துவிடும்.

கட்டை விரலில் ஏதோ கெட்டியாக நெருடியது. கறுப்பு மெழுகில் ஊசி முனையளவு சிவப்பு தெரிந்தது.

ஒட்டியிருந்த கல்லைக் கவனிக்காமல் சேர்த்துப் பிசைந்திருக்கிறாள். மெழுகுக்குள் தேட வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. இப்போது கல் பள்ளிக்கூடத்தின் கேட்டைத் தாண்டி, அவள் கையில், ஓடும் ரயிலில் இருக்கிறது.

ஒயிட்ஃபீல்டில் அவள் அப்பா வால்டர் ஏறினார். அங்கே ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி. மகள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார். அவர் காதோடு சொன்னாள். அவர் குச்சியைத் தொடவே இல்லை.

"ஜன்னல் தொறந்துதானே கீது. வீசிடு."

"டாடி!"

"இன்னா டாடி? போன வருஷம் ஒருத்தன் கம்பெனி லேப்டாப்ப மறந்தாப்ல எடுத்துனு போய்ட்டு, அவனே திருப்பிக் கொண்டாந்தான். கேட் புக்ல நான்தான் எழுதினேன். மறுநாளே வேல போச்சு. திருப்பிக் குடுத்தவன் பேருதான் புக்ல கீது."

"வீசிட்டா பன்னெண்டு பேரையும் ஸ்டேஷன்ல உக்கார வெப்பாங்க."

"பன்னெண்டுல ஒருத்தியா இருமா. தனியா நிக்காத."

அப்பா சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் அதிகம் பயமுறுத்தியது. கூட்டம் ஏற ஏறக் குச்சியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். கல்லை வெளியே எடுத்துவிட்டால், மறைத்து வைத்தாள் என்பார்கள். மெழுகிலேயே இருந்தால் எப்படி உள்ளே போனது என்று பார்க்கிறவர்களுக்குப் புரியலாம். புரியாமலும் போகலாம். அந்த மெழுகை அதற்குப் பிறகு அவள் விரல் தொடவில்லை.

குணசுந்தரிக்கு மூன்று முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. "மேடம், கல் என் மெழுகுல மாட்டியிருக்கு. அப்படியே கொண்டு வர்றேன்" என்று மெசேஜ் அனுப்பினாள். இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ரயில் சிக்னலில் நாற்பது நிமிடம் நின்றது. பள்ளிக்கூட கேட்டை அவள் அடைந்தபோது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு. காவலுக்கு இருந்த லதாவிடம், உள்ளே போகும் முன்பே, "அக்கா, இத நான் கொண்டு வர்றேன்னு புக்ல எழுதிக்கோங்க" என்றாள். லதா நேரத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டாள்.

எல்லோர் எதிரிலும் குணசுந்தரி பிளேடால் மெழுகை அறுத்தார். கல்லை ஸ்பிரிட்டில் கழுவினார். தராசு 0.31 காட்டியது. லென்ஸில் பார்த்து, கல்லுக்குள் இருந்த ஊசி போன்ற கோட்டைப் பதிவேட்டுக் குறிப்போடு ஒப்பிட்டார். அதே கல்.

"இது கை தானா செஞ்ச வேலை. வேணும்னு செஞ்சது இல்ல" என்று, கல்லை வாங்கிப் போக வந்திருந்த ஓனரிடம் சொன்னார்.

ஓனர் பன்னிரண்டையும் எண்ணிப் பொட்டலம் கட்டினார். போலீஸ் புகார் இல்லை என்றார். வாசலில் நின்று, "எந்த ஊர் பொண்ணு?" என்று கேட்டார். பிரதாப்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னான்: "பெங்களூர்தான் சார்."

அவர் ஜெனிட்டாவைப் பார்த்தார். "இல்ல சார், கே.ஜி.எஃப்" என்றாள் அவள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அந்தத் தொழிலில் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் குறைவு; ஒருவர் இன்னொருவரிடம் சொல்லித்தான் ஆள் எடுப்பார்கள். அவர் யாரிடம் என்ன சொல்வார் என்பது அவளுக்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் ஜெனிட்டாவிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். திங்கள்கிழமை, 24ஆம் தேதி, பதினொரு மணிக்கு விசாரணைக் கமிட்டி கூடுகிறது. தகப்பனாரும் வர வேண்டுமாம். பகலில் அவளோடு போவதற்காக வால்டர் அன்றைக்கு நைட் ஷிப்டுக்கு மாற்றி வாங்கியிருக்கிறார்.