அரைத் திருப்பு

வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் எல்லா நீரூற்றுகளும் ஒருசேர ஓடத் தண்ணீர் கிடையாது. ராஜா உலாவும் பக்கம் மட்டும் ஓடும். கடந்து போனதும் நின்றுவிடும். அந்த வித்தையைச் செய்கிறவர்களில் ஒருவர் ஆன்செல்ம் கோத்ரி. இருபத்திரண்டு வருடமாகச் செடிவேலிக்குப் பின்னால், முழங்காலளவு தண்ணீரில், குழிக்குள் நிற்கிறார். முந்தைய குழியில் நிற்பவர் விசிலடித்தால் இரும்புச் சாவியைத் திருப்பிக் குழாயைத் திறப்பார். வேலிக்கடியில் ராஜாவுடைய காலணியின் சிவப்புக் குதிகால் தெரியும். குழிக்காரர் தலை மட்டும் வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் வேலையும் போகும், தோட்டத்து வீடும் போகும்.

அன்று விசில் சீக்கிரமே வந்தது. ஆன்செல்ம் திறந்தார். வேலிக்கு அப்பால் சிரிப்பு.

"பாத்தீங்களா மேடம்? தண்ணிகூட நம்ம பேச்சைக் கேக்குது."

விசிலடித்தது பிரேமோன் பிரபு. அரண்மனையில் அவனுக்கு அறை கிடைத்ததே வாய்ச்சாமர்த்தியத்துக்காகத்தான்.

ஆன்செல்ம் உடனே மூடினார். குழாய்க்குத் தண்ணீர் தரும் தொட்டியில் பாதி போயிருந்தது. எட்டு நிமிடத்துக்கு வேண்டிய தண்ணீரில் நாலு நிமிடத்துக்குத்தான் மிச்சம். கால் மணியில் நிஜ விசில் வந்தது. அவர் திறக்கவில்லை. குழியிலிருந்து ஏறி, வேலிக்கு மேல் சேற்றுத் தலையை நீட்டினார். ராஜா வளைவில் திரும்புவதைப் பார்த்த பிறகே இறங்கி, சாவியை அரைத் திருப்பு மட்டும் திருப்பினார். நீர் இடுப்பு உயரத்தில் ஓடியது.

சிவப்புக் குதிகால் நின்றது.

பிரேமோன் குரல் முந்திக்கொண்டது. "மகாராஜா எதிர்ல தலைநிமிரத் தண்ணிக்குத் தைரியம் வரல."

கூட்டமே சிரித்தது. ராஜா அங்கேயே நின்று ரசித்தார். ஆன்செல்ம் பல்லைக் கடித்துக்கொண்டு, தொட்டி வற்ற வற்ற உயரம் குறையாதபடி சாவியை மயிரிழை மயிரிழையாகத் திறந்தார். குதிகால் நகர்ந்து மறைந்தபோது குழாய் வெறும் காற்றை இருமியது.

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பிரேமோன் ராஜாவின் மேசையில் விருந்து சாப்பிட்டான்.

மறுநாள் மேற்பார்வையாளர் லூர்மெல் புகார் எழுதத் தாளோடு வந்தார்.

"தலை தெரிஞ்சுதாமேய்யா?"

"தெரிஞ்சுது. உள்ளயே இருந்திருந்தா ராஜா எதிர்லயே தண்ணி நின்னிருக்கும்."

"முன்னாடியே திறந்தது?"

"விசில் வந்துது. அடிச்சது பிரேமோன் பிரபு."

"அந்தப் பேரை எழுதச் சொல்றியா? எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

"அப்ப என் பேரையும் எழுதாதீங்க ஐயா. இல்ல, என்னை அனுப்பிட்டு நீங்க இறங்குங்க. அரைத் திருப்பு எங்க நிக்குதுன்னு கைக்குத்தான் தெரியும்."

லூர்மெல் காலுறையைக் கழற்றிவிட்டு உண்மையாகவே இறங்கிப் பார்த்தார். முதல் திருப்பிலேயே நீர் மரத்தளவு எழுந்து அவர் தலைமேலேயே விழுந்தது. சொட்டச் சொட்ட ஏறி வந்தார். தாள் கூழாகியிருந்தது.

"எழுதறதுக்கு ஒண்ணுமில்ல, போ."

அந்த வாரமே குழிக்காரர்கள் கூடி விசிலை மாற்றிக்கொண்டார்கள். பிரேமோன் வேலியோரம் நின்று பழைய விசிலை நாலைந்து தடவை அடித்தான். மேடம் விசிறியால் வாயை மூடிக் கொட்டாவி விட்டாள். ஆன்செல்ம் குழிக்குள் ரொட்டியைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.