தம்பியின் கரண்ட் வேண்டாம் என்றவர்

சலூன்காரர் காலையில் கடைக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். கைப்பிடி வைத்த, நல்ல கனமான பேட்டரிப் பெட்டி. பகலெல்லாம் அது கடைக் கண்ணாடிக்குக் கீழே சார்ஜ் ஏறும். கடை சாத்தியதும் அவரோடு வீட்டுக்கு வந்து விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் ஓட்டும். புதிதாக முடிவெட்ட வருகிறவர்கள், "என்னண்ணே, பெட்டியக் கட்டிட்டீங்க, வீட்டுல சண்டையா?" என்பார்கள். "ஆமா, கொஞ்சம் குனிங்க" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சொன்னது உண்மை.

வீடு இரண்டு மாடி. கீழே தம்பி குடும்பம், மேலே இவரும் மனைவியும். அப்பா கீழேதான் படுத்த படுக்கையாகக் கிடந்து செத்துப்போனார். மறுநாளே தம்பி அப்பாவின் கட்டிலைப் பழைய சாமான்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடா? இனி உன் கரண்டுகூட எனக்கு வேண்டாம்!" என்று கத்திய சலூன்காரர், மாடிக்குப் போகும் ஃபியூஸ் கட்டையைத் தன் கையாலேயே பிடுங்கித் தம்பியின் சோபாவில் எறிந்துவிட்டு மேலே ஏறிவிட்டார். ரோஷக்காரர் என்று ஊரே பேசியது. ஊருக்கென்ன, அதற்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

தனி மீட்டர் வாங்கலாம்தான். வீடு தம்பி பேரில் இருப்பதால் அவன் கையெழுத்து வேண்டும். கேட்டுவிட்டால் வீறாப்பு என்னாவது?

பெட்டி வந்தபிறகு மனைவி அதற்கு மாமியார் என்று பேர் வைத்தாள். எதற்கும் அதனிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கரண்ட் குக்கரைப் போட்டால் ஃப்ரிட்ஜைப் பிடுங்க வேண்டும். மறந்து இரண்டையும் போட்டால் மாமியார் பட்டென்று எல்லாவற்றையும் அணைத்துவிடுவாள். இஸ்திரிப் பெட்டியை அவள் வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை. இதெல்லாம் இரவுப் பாடு. பகலில் பெட்டி கடையில் இருக்கும்போது மனைவி வெக்கையில் கிடப்பாள். இரவில் ஏறிய குளிர் இறங்கிவிடக் கூடாதென்று ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கவே மாட்டாள். பொழுது சாய்ந்தால், அவர் வரும்வரை இருட்டில் உட்கார்ந்திருப்பாள். ஆரம்பத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். கரண்ட் திரும்ப வரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. அதை வாய்விட்டுக் கேட்பதையும் நிறுத்திக்கொண்டாள்.

சலூன்காரருக்குக் கோபம் எப்போதோ வற்றிவிட்டது. கோபம் போன இடத்தில் வருத்தமாவது வந்திருக்கலாம். ஒன்றும் வரவில்லை. தலைகள் வந்தன, போயின. பெட்டியைத் தூக்கினார், இறக்கினார். ஏன் தூக்குகிறோம் என்று யோசிப்பதுகூடக் கிடையாது.

கடைக்கு விடுமுறையான ஒரு நாள் மத்தியானம் தெருவுக்கே கரண்ட் போயிற்று. சற்று நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தம்பி, தோளில் மகளைப் போட்டுக்கொண்டு, கையில் மருந்துப் புகை கொடுக்கிற மெஷினோடு நின்றான். பிள்ளைக்கு இழுப்பு. நெஞ்சு உள்ளே போய்ப் போய் வந்தது.

"அண்ணே, ஒரு பிளக் குடு."

சலூன்காரர் ஃபேனைப் பிடுங்கிவிட்டு மெஷினைச் சொருகினார். மெஷின் உறுமியது. பிள்ளையைத் தன் மடியில் வைத்து, முகத்தில் மூடியை அவரே பிடித்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து மூச்சு சீரானது. பிள்ளை மூடியை விலக்கி, "பெரியப்பா, உங்க சட்டையெல்லாம் முடி" என்றது. மனைவி சிரித்துவிட்டாள்.

தம்பி அழுதான். "கட்டிலப் பாத்தாலே அப்பா முனகுறது கேட்டுச்சுண்ணே. அதான் யார்கிட்டயும் கேக்காமக் குடுத்துட்டேன். தப்புதான். ஃபியூஸ் கட்டையத் திரும்பப் போட்டுடவா?"

மனைவி ஈரக் கையைத் துடைக்கவும் மறந்து நின்றாள். சலூன்காரர் தம்பியைப் பார்க்காமல், பெட்டியின் திரையைப் பார்த்தார். "இன்னும் பாதி இருக்கு. இன்னிக்குத் தாங்கும்" என்றார். வீம்புக்குச் சொல்லவில்லை. வாயில் வந்தது அதுதான்.

"தம்பி, நீங்க போய்ப் போடுங்க" என்றாள் மனைவி. "அவருக்கு வேண்டாம்னா இருக்கட்டும். எனக்குப் போடுங்க."

தெருவுக்குக் கரண்ட் வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மாடியில் எந்தக் காலத்திலோ போட்டபடி விட்ட சுவிட்சுகளெல்லாம் உயிர் பெற்று, கூடம், சமையலறை, நடைவழி என்று ஒரே வெளிச்சம். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து கணவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும், இந்த மனுஷன் கடையே கதியென்று கிடக்கிறார், வீட்டில் பகலெல்லாம் என்ன நடக்கிறதென்று பாவம் இவருக்கு எங்கே தெரியும் என்றுதான் அவள் மனதைத் தேற்றிவைத்திருந்தாள்.

"நீங்க வர்ற வரைக்கும் நான் இருட்டுல உக்காந்திருந்தேனே, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் சலூன்காரர்.

அவருக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் எழுந்துபோய் ஒவ்வொரு விளக்காக அணைத்தாள்.