ஐஸ் அறைக்குள் ஒரு சிலிண்டர்

எங்கள் படகு எஞ்சினுக்குக் காஸ் சிலிண்டர் பூட்டிக் கொடுத்த மெக்கானிக்கை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. ஆரையம்பதி வாவிக் கரையில் நின்றபடியே எஞ்சினை இழுத்து ஓடவிட்டுக் காட்டினான். "ஏறி ஒரு சுத்துச் சுத்திக் காட்டுங்களன்" என்றேன். அவசர வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டான். தான் பூட்டிய சாமானை நம்பி ஏறாதவனை நான் எதை வைத்து நம்புவது?

பெற்றோல் விற்கிற விலைக்குத் தொழில் கட்டுப்படியாகவில்லை என்பது உண்மைதான். அதனால் என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து எஞ்சினைச் சமையல் காஸில் ஓட்டுவதென்று முடிவெடுத்தார்கள். சிலிண்டரை மேலே வைத்தால் வெயில் சுடும், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று மீனுக்கு ஐஸ் போடும் அறைக்குள் இறக்கினார்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடியையும் இறுக்கினார்கள். மீன் கெடாத இடத்தில் சிலிண்டரும் கெடாது என்பது அவர்களுடைய நினைப்பு. கள்ளனை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டின மாதிரித்தான் எனக்குப் பட்டது.

நான் சந்தேகக்காரிதான், இல்லையென்று சொல்லவில்லை. கணவர் உடுத்திருந்த சாரத்தைத் துவைக்க எடுத்தபோது மீன் வெடிலுக்குள் இன்னொரு மணமும் வந்தது.

"இதென்ன காஸ் மணக்குது?"

"எரியிற சாமான் மணக்கத்தானே செய்யும். உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

நாள் முழுக்கக் குசினியில் காஸ் அடுப்போடேயே கிடக்கிறேன், என் சேலையில் அப்படி மணப்பதில்லையே! அதைச் சொன்னதும் வலை கிழிந்த கதைக்குத் தாவினார். அவருக்கும் பயம் என்று அப்போதே விளங்கியது.

ஒரு பின்னேரம் சோற்றுப் பொதியை மறந்துவிட்டுப் போனார். எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன். அத்தான், அதாவது கணவரின் அண்ணன், கரையில் நின்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கணவர் படகின் முன்பக்கத்தில் கற்பூரத்தை வைத்துவிட்டு நெருப்புப்பெட்டியைத் திறந்தார். கற்பூரம் காட்டாமல் எங்கள் படகு கரையை விட்டுப் போனதே இல்லை. கிட்டப் போனதும் அந்த மணம் குப்பென்று முகத்தில் அடித்தது.

தொழிலுக்கு வெளிக்கிடுகிறவரைப் பின்னால் நின்று கூப்பிடக் கூடாது என்பார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"குச்சியக் கிழிக்காதீங்க!"

"வாய மூடு புள்ள! போற நேரத்தில பின்னால கூப்பிட்டு நாசமாக்காத!" என்று அத்தான் சீறினார்.

சோற்றுப் பொதியை எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தேன். கணவரின் கையிலிருந்த நெருப்புப்பெட்டியைத் தட்டி வாவிக்குள் விழுத்தினேன்.

"உனக்கென்ன விசரா?" என்றார் அவர், பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து.

"அறையத் திறந்து பாருங்க. மணக்காட்டி நான் விசரி எண்டு ஊருக்கே சொல்லுங்க!"

மூடியைத் திறந்தவர் இருமிக்கொண்டு தலையைப் பின்னுக்கு இழுத்தார். குழாய் பூட்டிய இடத்தில் கசிந்த காஸ், வெளியேற வழியில்லாமல் அறையிலும் படகின் அடியிலும் தேங்கிக் கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வால்வைத் திருகி மூடினார். பிறகு இறங்கி வந்து மணலில் குந்தினார். நான் அழுதுகொண்டே அவரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த மெக்கானிக்கையும் விடவில்லை.

அத்தான் அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினார். பிறகு என்னிடம் கேட்டார்:

"பத்தியிருந்தா நீயும் மிஞ்சியிருக்க மாட்டாய் புள்ள. மணம் தெரிஞ்சும் ஏன் கிட்ட ஓடினாய்?"

"உங்கட தம்பி அதுக்குள்ளதானே நிண்டவர்" என்றேன்.