மணிக்குத் துணி கட்டிய பாதை

ஹந்தானை மலையில் என் தொழில் ஒன்றே ஒன்றுதான்: வேகமாகப் போக ஆசைப்பட்டு வருகிறவர்களைக் கெஞ்சிக் கூத்தாடி மெதுவாகப் போகவைப்பது. நடக்கப் போய் சைக்கிளில் இடிபட்டவர்களும், சைக்கிள் ஓட்டப் போய் நடக்கிறவர்களிடம் ஏச்சு வாங்கியவர்களும் இதை வாசிக்கிறீர்கள் என்றால், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள்.

கெலிஓயாவில் இருபத்தைந்து வருடம் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவன் நான். ஊர் முழுக்க மோட்டார் சைக்கிளுக்கும் த்ரீவீலருக்கும் மாறிய பிறகு கடை படுத்துவிட்டது, நானும் வீட்டில் படுத்துவிட்டேன். அப்போதுதான் கண்டி நகரத்துச் சைக்கிள்காரர்கள் சிலர் சேர்ந்து, ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய வண்டிப்பாதையில் ஓட அனுமதி வாங்கினார்கள். அதே பாதையில்தான் கொழுந்து பறிக்கிற பெண்கள் சாக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு, நிறுவை போடுகிற மடுவத்துக்குப் போவார்கள். காலையில் ஓட்டப் பயிற்சிக்கு வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காற்று வாங்க வருகிறவர்கள் என்று மற்றவர்களும் உண்டு. தோட்டத்துத் துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆறு மாதம் பார்ப்பார், சைக்கிளால் தன் ஆட்களில் ஒருவர் விழுந்தாலும் கேட்டுக்குப் பூட்டு. அந்தப் பூட்டு விழாமல் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு வைத்தார்கள். பாதை மூடினால் நான் மறுபடியும் வீட்டில் படுக்க வேண்டியதுதான்.

முதல் வாரமே

எனக்கு மணி என்றால் உயிர். கடையில் எந்தச் சைக்கிள் வந்தாலும் பிரேக்கைப் பார்க்குமுன் மணியைத்தான் அடித்துப் பார்ப்பேன். பின்னால் வருகிறவன் மணி அடித்துச் சொல்வதுதான் மரியாதை என்பது என் கட்சி. வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள், பாதையைப் பார்த்துவர நானே சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் புஷ்பம் அக்கா, நாற்பத்தைந்து வயதிருக்கும், தலையில் நிறைந்த சாக்கோடு போய்க்கொண்டிருந்தார். நான் மரியாதையாக, கணீரென்று மணி அடித்தேன்.

தலையில் பாரம் இருக்கிறவருக்குக் கழுத்து மட்டும் திரும்பாது என்பது இந்தச் சைக்கிள் கடைக்காரனுக்கு எங்கே தெரியும்? அவர் உடம்போடு திரும்பினார். சாக்கும் திரும்பியது. அந்தச் சுழற்சியில் கால் தடுமாறிப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, கீழே இருந்த தேயிலைச் செடிகளில் போய் விழுந்தார். செடிகள் தாங்கிக்கொண்டன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வலது மணிக்கட்டு அப்பவே வீங்கிவிட்டது. நான் இறங்கிப்போய்த் தூக்கினேன். அவர் தலைத்துணியை உதறிக் கட்டிக்கொண்டு என் சைக்கிளைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன்மாரை 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நல்ல மணிதான் நானா. ஆனா நாங்க தலையால பாக்கிறதில்ல, காலாலதான் பாத்து நடக்கிறோம்."

மடுவத்தில்

அவரை மடுவம் வரைக்கும் கூட்டிப்போனேன். சாக்கு என் தலையில் இருந்தது. அந்த நூறு அடியில் என் கழுத்து பட்ட பாடு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மடுவத்தில் போதாத காலத்துக்குத் துரையே நின்றிருந்தார். சிங்களவர், ஆனால் தோட்டத்தில் இருந்து இருந்து தமிழ் நன்றாகப் பேசுவார். வீங்கிய கையைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார். முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆறு மாதக் கெடுவில் நாலே நாளில் நானே கேட்டைப் பூட்டவைக்கப் போகிறேன் என்ற நினைப்பில் சொல் வரவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நிமிடங்களில் அது முதலாவது. புஷ்பம் அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"கால் தடுமாறிருச்சுங்க தொரை."

அட்டைக்கு ரத்ததானம்

மறுநாள் விடிந்ததும் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றைக் கிழித்துக்கொண்டு கேட்டில் நின்றேன். வருகிற சைக்கிள் ஒவ்வொன்றின் மணியிலும் துணி சுற்றிக் கட்டினேன். புது விதியை நானே போட்டேன்: பாரத்தோடு யாரைக் கண்டாலும் பத்தடி தள்ளி இறங்கு. வாயால் சொல்லு. மேட்டுப் பக்கத்துக் கானுக்குள் சைக்கிளோடு இறங்கி நில்லு. பாதை முழுக்க அவர்களுக்கு.

கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுகிற கான். மழைத்தண்ணீர் இருக்கிற இடத்தில் அட்டை இருக்கும். யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர், கண்டியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், விலையுயர்ந்த சைக்கிளில் வந்தார். "மணி இல்லாட்டி நான் வாறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று என்னோடு கால் மணிநேரம் தர்க்கம். வாயால் சொல்லுங்கள் டொக்டர் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். அரை மணிநேரத்தில் முடிகிற பாதையை ஒன்றரை மணிநேரத்தில் முடித்துத் திரும்பினார். ஒவ்வொரு கானுக்குள்ளும் நின்றபோது பெண்கள் ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்திருக்கிறார்கள். ஒருத்தி தன் முழங்கால் வலிக்கு அங்கேயே ஆலோசனையும் கேட்டிருக்கிறாள். கணுக்காலில் இரண்டு அட்டையோடு என் முன்னால் வந்து நின்றார். ஏச்சு வாங்கத் தயாரானேன்.

"ரத்தம் குடுத்தது பரவாயில்லை தம்பி. இருவது வருசம் கண்டியில இருந்தும் இந்த மலையில எனக்கு ஒருத்தரையும் தெரியாது, இப்ப பன்ரெண்டு பேரைத் தெரியும்."

திகனை வரிசை

சைக்கிள்காரர்களை மட்டும் குறை சொன்னால் அல்லாஹ் பொறுக்கமாட்டான். நடக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திகனையிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளி, மனைவி, மகள்மார், மருமகன்மார், பேரப்பிள்ளைகள் என்று பத்துப் பேர், பாதையை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் அளந்து எடுத்தவர்கள் மாதிரி ஒரே வரிசையில் கைகோத்து வந்தார்கள். பின்னால் நாலு சைக்கிள், ரெண்டு கொழுந்துச் சாக்கு. "குடும்பமா வந்தா சேர்ந்துதானே நடக்கிற?" என்று முதலாளி என்னைக் கேட்டார். ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்லி, அவர் மனைவியை முன்னால் விட்டேன். அந்த ராத்தா கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"கலியாணம் கட்டி முப்பது வருஷம், இன்டைக்குத்தான் இவரு எனக்குப் பின்னால வாராரு."

இரண்டு காது

காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் தனி ரகம். பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு பிள்ளை தினமும் ஓட வரும். பின்னால் பாரம் வந்தாலும் கேட்காது, பாறை உருண்டாலும் கேட்காது. ஒருநாள் நானே அதன் பின்னால் ஓடி, மூச்சிரைக்க மறித்து, புஷ்பம் அக்கா விழுந்த இடத்தைக் காட்டினேன். விழுத்தினது யார் என்றும் சொன்னேன். துரையிடம் வராத சொல் அந்தப் பிள்ளையிடம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அது ஒரு பக்கத்து ஒயரைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டது.

"ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது அக்காமாருக்கு. இதுக்கு மேல பிரிக்க என்கிட்ட காது இல்ல நானா."

மூடுபனி

நான் வேலைக்குச் சேர்ந்த அஞ்சாம் மாதம் ஒரு சனிக்கிழமை, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. மேலே போன இளவட்டச் சைக்கிள் கூட்டம் ஒன்று இறங்கிவருகிற நேரம். கீழே வளைவில் நான் நிற்கிறேன். எனக்குக் கீழேயிருந்து பெண்கள் சாக்குகளோடு ஏறி வருகிற காலடி கேட்கிறது. மேலே டயர்கள் சரளைக் கல்லில் உரசுகிற சத்தமும் கேட்கிறது. நடுவில் நான், கையில் ஒன்றும் இல்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "பாரம்! பாரம் வருது!"

டயர்ச் சத்தம் நின்றது. பிறகு பனிக்குள் ஒரு குரல் அதையே மேலே திருப்பிச் சொன்னது, அதற்கு மேலே இன்னொரு குரல். பெண்கள் என்னைக் கடந்து வளைவில் ஏறினார்கள். நானும் பின்னால் போனேன். எட்டுப் பையன்கள் முழங்கால் வரை ஈரத்தோடு, கானுக்குள் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கெல்லாம் மனசுக்குள் துஆ செய்தேன். கையில் கட்டு அவிழ்த்து எப்போதோ வேலைக்குத் திரும்பிவிட்ட புஷ்பம் அக்காதான் முன்னால் போனார். வரிசையை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு வீட்டு வாசல்ல வரவேற்க நிக்கிற மாதிரி நிக்கிறாங்க, சந்தனம்தான் இல்ல."

துரை கேட்டது

ஆறு மாதம் முடிந்த அன்று துரை பாதையை என்னோடு நடந்தே பார்த்தார். கானைப் பார்த்தார், கேட்டில் தொங்கிய துணிக் கிழிசல்களைப் பார்த்தார். கடைசியில், "அப்ப சைக்கிளால ஒருத்தரும் விழல்ல தானே?" என்றார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். இந்த ஆறு மாதமும் அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

"விழுந்தாங்க சேர்," என்றேன். "முதல் வாரமே, புஷ்பம் அக்கா. விழுத்தினது நான். அன்டைக்கு வாய் வரல்ல. பூட்டுறதா இருந்தா என்னை வெளியில போட்டுட்டுப் பாதையத் திறந்து வைங்க." சொல்லி முடித்ததும் முதுகிலிருந்து ஒரு சாக்கு இறங்கிய மாதிரி இருந்தது. துரை கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை.

"அன்னைக்கு பின்னேரமே அந்த அம்மா பங்களாவுக்கு வந்து எல்லாம் சொல்லிட்டாங்க. 'ஆளுங்க முன்னால அவர் மானத்த வாங்க வேணாம்னு தடுமாறினேன்னு சொன்னேன் தொரை, அவரை மாத்தாதீங்க. இன்னொருத்தர் வந்தா இன்னொருத்திய விழுத்தித்தான் படிப்பாரு'ன்னாங்க. நான் ஆறு மாசமா பாதையப் பார்க்கல்ல, உங்களத்தான் பார்த்தேன்."

கானுக்குள்

பாதையின் அனுமதிக் கடிதத்தில் கையொப்பம் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆறு மாதமாக நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்த பெண், முதல் வாரமே என்னைக் காப்பாற்றிவிட்டு, தினமும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி என் முன்னால் நடந்து போயிருக்கிறார். மாலையில் அவர் சாக்கோடு வருவது தெரிந்தது. நன்றி சொல்ல எழுந்தேன். மறுபடியும் நாக்கு ஒட்டிக்கொண்டது. என்ன செய்வதென்று தெரியாமல் கானுக்குள் இறங்கி நின்றேன். அவர் நிற்காமல், சாக்கு அசையாமல், என்னைக் கடந்து போகும்போது கேட்டார்.

"ஏன் நானா, சைக்கிள்கூட இல்லாம கானுக்குள்ள நிக்கிறீங்க?"

மணி அடித்துப் பிழைக்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, மணியைக் கட்டிப்போட்டுப் பிழைக்கிற ஒரே ஆள் நான்தான், அதுவும் அடிக்கத் தெரியாமல் ஒரு தரம் அடித்ததால் கிடைத்த பிழைப்பு.